தொண்டை சரியில்லை

அத்தியாயம் பதினான்கு

முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டுப் புத்தகத்தை நாலு நிறத்தில் அடிப்பதா, இரண்டு நிறத்தில் அடிப்பதா? வெள்ளிக்கிழமை காலை பண்டத்தரிப்பில் அருளம்பலத்தாரின் வீட்டு விறாந்தையில் இதுதான் பேச்சு. உள்ளே கிடக்கிற பொய்யை எந்த நிறத்தில் அடித்தால் என்ன என்று தர்சிகா நினைத்தாள். நினைத்ததை இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கப் போகிறவளும் இல்லை.

இந்த வாரந்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு, நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் முகாமையாளராக இருந்த அருளம்பலத்தார், பாரிசவாதம் வந்து எட்டு மாதம் படுத்திருந்து கண்ணை மூடினார். மூத்த மகன் ஜெயதீபன் கனடாவிலிருந்து ஓடி வந்து கொள்ளி வைத்தான். இளைய மகன் கஜானன் அந்த எட்டு மாதமும் தகப்பனைத் தூக்கி இருத்தி, குளிக்க வார்த்து, சாரம் மாற்றியவன். அவனுக்குப் பக்கத்தில் நின்று கஞ்சி பருக்கியவள் தர்சிகா. வல்வெட்டித்துறைப் பெண். கொழும்பில் காப்புறுதி நிறுவன வேலையை லப்ரொப்பில் தூக்கிக்கொண்டு புருசனோடு இங்கே வந்தவள்.

செத்தவீட்டன்று நடந்த கூத்தை மறந்திருக்கமாட்டீர்கள். திருப்பொற்சுண்ணம் பாடுகிற நேரம் யாரோ ஒருவர், "மகனே சங்கீத வாத்தியாரா நிக்கேக்கை வேறை ஆர் பாடுறது?" என்று கேட்டார். சுண்ணம் இடிக்கிற உரலடியில் நின்ற அத்தனை முகமும் கஜானனைத் திரும்பிப் பார்த்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. துக்கம் தொண்டையை அடைக்குது, பாவம், என்று சனம் கண்ணைத் துடைத்தது.

துக்கமும் இருந்ததுதான். ஆனால் கஜானன் சங்கீத வாத்தியார் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. அவனுக்குச் சுதி நிற்காது. பதினாலு வருடமாக அவன் ஒரு ஹெவி மெற்றல் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறவன்.

இப்போது பிழை பார்க்க அச்சகத்திலிருந்து வந்த ஒப்புத்தாள் தர்சிகாவின் கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார். இரண்டாம் பக்கத்தில் மாமாவின் படமும் இறந்த திதியைச் சொல்லுகிற வெண்பாவும். ஐந்தாம் பக்கத்தில் குடும்பம்: "மூத்த மகன் ஜெயதீபன் (பொறியியலாளர், கனடா). இளைய மகன் கஜானன் (சங்கீத ஆசிரியர், கொழும்பு). அன்பு மருமகள் தர்சிகா."

கடைசிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நிரல். அந்தியேட்டிக் கிரியைக்கு அடுத்து, மதிய போசனத்துக்கு முன்னால், தடித்த எழுத்தில்: "இசையஞ்சலி: சங்கீத ஆசிரியர் அ. கஜானன்."

அதை வாசித்தபோதுதான் அவளுக்குப் பற்றியெரிந்தது.

கல்வெட்டு என்பது சும்மா ஒரு புத்தகமா? முப்பத்தோராம் நாள் சாப்பிட்டுப் போகிறவர்கள் கையோடு கொண்டுபோய் அலுமாரியில் வைப்பார்கள். யார் யாருக்கு என்ன முறை, எவர் எந்த வேலை என்று பார்க்க, நாற்பது வருடம் கழித்தும் எடுத்துப் புரட்டுவார்கள். கலியாணம் பேசுகிறவர்களும் அதைத்தான் தேடுவார்கள். பண்டத்தரிப்பில் ஒரு மனிதனின் பெயர் அச்சில் நிற்கிற இடம் அது ஒன்றுதான். அதில் பதினாலு வருடத்தை அழித்துவிட்டு, இல்லாத ஒரு வாத்தியாரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

தாளோடு விறாந்தைக்குப் போனாள்.

"அத்தான், உது ஆர் எழுதினது?"

ஜெயதீபன் ஐபாட்டில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். "எது?"

"சங்கீத ஆசிரியர் எண்டு."

"அது அப்பா தந்தது. நான் கை வைக்கேல்லை. அந்த இசையஞ்சலி மட்டும் நான் போட்டது. நல்லாயிருக்கெல்லே?"

"அவர் சங்கீதம் படிப்பிக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதே? போன வருசம் பேஸ்புக்கிலை பாத்துப்போட்டு, 'உவன் முகத்திலை சாம்பலும் பூசிக்கொண்டு என்ன ஆட்டம் ஆடுறான்' எண்டு கேட்டவர் நீங்கள்தானே?"

"எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியவேணுமே?" ஜெயதீபன் ஐபாட்டைக் கீழே வைத்தான். "இஞ்சை பாரும் தர்சிகா. அப்பா ஊர் முழுக்கச் சொன்னது அதுதான். இப்ப நாங்கள் வேறை மாதிரி அடிச்சால் சனம் என்ன சொல்லும்? அருளம்பலம் பதினாலு வருசம் பொய் சொன்னவர் எண்டெல்லோ சொல்லும்? செத்த மனுசனை அவரின்ரை கல்வெட்டிலையே பொய்யனாக்கச் சொல்லுறீரோ?"

அதில் ஒரு நியாயம் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

"அப்ப உயிரோடை இருக்கிறவரை ஊமையாக்கலாமோ? நூற்றைம்பது சனத்துக்கு முன்னாலை எழுப்பிவிட்டுப் பாடு எண்டால் அவர் என்ன செய்யிறது?"

"நாலு வரித் தேவாரம். சைவப்பிள்ளைதானே? படிச்சுப்போட்டு இருக்கட்டும்."

"செத்தவீட்டிலை அவர் வாயடைச்சு நிண்டது போதாதே?"

"சரி, நீர் சொல்லுறமாதிரியே அடிப்பம். என்னெண்டு அடிக்கிறது, சொல்லும். 'இளைய மகன் கஜானன், சுடலை' எண்டோ?"

உள்ளேயிருந்து மாமி குணலட்சுமி "சிவ சிவா" என்றாள்.

அது இசைக்குழுவின் பெயர். சுடலை. அந்தப் பெயரை வைத்த அன்று, இருபது வயதுப் பெடியன்கள் நாலு பேரில் ஒருவன்கூட, ஒரு நாள் அது ஒரு கல்வெட்டுக்குள் வரவேண்டியிருக்கும் என்று யோசித்திருக்கமாட்டான். தர்சிகாவுக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறொரு நாளாக இருந்திருந்தால்.

"சுடலையெண்டு போடவேண்டாம். பேஸ் கிற்றார்க் கலைஞர் எண்டு போடுங்கோ. அதிலை என்ன வெக்கம்? நீங்கள் பொறியியலாளர் எண்டு போட்டிருக்கிறியள். நீங்கள் லிஃப்ற் திருத்துறனீங்கள். கை நோக உழைக்கிற நல்ல வேலை. அதைச் சொல்லவும் உங்களுக்கு வெக்கம், தம்பியைச் சொல்லவும் வெக்கம்."

ஜெயதீபனின் காது சிவந்தது. "ரெக்னிக்கலாப் பாத்தால் அதுவும் எஞ்சினியரிங்தான்" என்றான். பிறகு, "நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. மாத்தவேணுமெண்டால் கஜன் வந்து என்னட்டைச் சொல்லட்டும். அவனுக்கில்லாத அந்தரம் உமக்கென்ன?" என்று எழும்பி உள்ளே போனான்.

வாசல் நிலையில் மாமி நின்றாள். அழுதழுது முகம் வற்றிப்போயிருந்தது.

"பிள்ளை, அவர் சொன்னதை மாத்தாதை. அவர் பொய் சொல்லுற ஆள் இல்லை."

பொய் சொல்லாத ஆள்! தர்சிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். தாலியை இழந்து ஒரு மாதம் ஆகாத மனுசியிடம் என்ன கதைப்பது? ஆனால் எட்டு மாதமாக அவள் காதால் கேட்டது எல்லாம் என்ன? வருத்தம் பார்க்க வருகிற ஒவ்வொருவரிடமும், குழறுகிற நாக்கால் அந்த மனிதர், "இளையவன்... சங்கீத வாத்தியார்... கொழும்பிலை" என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே அவள் தேத்தண்ணி ஊற்றினாள்?

கஜானனின் தோள்வரைக்கும் தொங்கிய தலைமயிரைப் பார்த்து, "சங்கீதக்காரர் உப்பிடித்தான்" என்று வந்தவர்கள் தலையாட்டினார்கள். அவனுடைய கறுப்புச் சேட்டுகளைக் கண்டு, ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறான் என்று ஒரு மனுசி காலில் விழப் பார்த்தாள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு அவன் பேசாமல் நின்றான்.

பேசாமல் நிற்பதே அவனுடைய தொழில் என்று தர்சிகா சில நேரம் நினைப்பதுண்டு.

ஏழு வருடத்துக்கு முன்னர் கொழும்பில் ஒரு மண்டபத்தில்தான் அவனை முதலில் கண்டாள். சிநேகிதி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்தினான். கிற்றார்க்காரன் மண்டியிட்டு வாசித்தான். றெஜி ட்ரம்ஸை அடித்து நொருக்கினான். ஓரத்தில் ஒருவன், முகத்தில் சாம்பலும் தலைமயிரும் மூடி, அசையாமல் நின்று தடித்த நாலு கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் என்ன செய்கிறான் என்றே விளங்கவில்லை. அவன் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது என்று நினைத்தாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் அவனுடைய அம்பிளிபயரின் வயர் கழன்றது. மற்ற மூவரும் வாசித்தார்கள், சத்தத்துக்கும் குறைவில்லை. ஆனால் பாட்டு சோறில்லாத கறி மாதிரி ஆகிவிட்டது. அத்தனை நேரமும் நெஞ்சுக்கூட்டுக்குள் நின்று தாங்கிக்கொண்டிருந்தது எது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. வயரைச் செருகிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல அவன் மறுபடி வாசித்தான். அன்றைக்கே அவளுக்கு அவனைப் பிடித்துப் போயிற்று.

கணக்கியல் படிக்கக் கொழும்புக்குப் போனவன் அவன். பேஸ் வாசிக்க வேறு ஒருவரும் முன்வராததால் அதைக் கையில் எடுத்தான். விரல் நுனி வெடித்து இரத்தம் வரும்வரை பழகினான். பிறகு பெங்களூர், காத்மண்டு, ஜேர்மனியில் சேறு மண்டிய ஒரு வயல்வெளியில் இருபதாயிரம் சனத்துக்கு முன்னால். இரண்டாம் முறை அதே வயலுக்குக் கூப்பிட்டபோதுதான் தகப்பன் விழுந்தார். சுடலை வேறொரு பெடியனைக் கூட்டிக்கொண்டு ஜேர்மனிக்குப் போனது. இவன் பண்டத்தரிப்புக்கு வந்தான். அந்த மனிதனுக்குத்தான் கல்வெட்டில் இந்த மரியாதை.

கஜானன் கிணற்றடியில் இருந்தான். தகப்பனுக்கு வாடகைக்கு எடுத்த இரும்புக் கட்டிலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தனீங்களே?" தாளை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

ஈரக் கையோடு எட்டிப் பார்த்தான். "ஓம்."

"ஓமோ? உதுதான் உங்கடை பதிலோ?"

"விடும் தர்சி. அப்பா சொன்னது சொன்னபடி கிடக்கட்டும்."

"ஞாயிற்றுக்கிழமை பாடச் சொல்லுவினம். அப்ப?"

"தொண்டை சரியில்லையெண்டு சொல்லுறன்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. எட்டு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் கேட்ட சொல் அது. விளக்கு வைக்கிற நேரம் கட்டிலில் கிடந்தபடி மாமா கேட்பார்: "தம்பி... ஒரு தேவாரம் சொல்லு." இவன் தலையணையைச் சரிசெய்துகொண்டு, "தொண்டை சரியில்லை அப்பா" என்பான். அடுத்த நாளும் கேட்பார். அதே பதில்.

மகனின் தொழில் என்னவென்று தெரிந்துகொண்டே, நீ ஒரு தேவாரத்துக்கும் உதவாதவன் என்று தினமும் ஒரு குத்து. படுத்த படுக்கையிலும் விடாத பிடிவாதம். அப்படித்தான் தர்சிகா விளங்கிக்கொண்டாள். கலியாணம் கட்டின புதிதில் கஜானனே சொன்னதுதானே: "அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஊருக்குத்தான் அப்பிடிச் சொல்லுறவர்."

ஒரு நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. கஜானன் கடைக்குப் போயிருந்தான். கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது மாமா அவளுடைய கையைப் பிடித்து, "பிள்ளை... உவன் கொழும்பிலையெண்டாலும் பாடுறவனோ?" என்று கேட்டார். கையை விடுவித்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரியாததே, மாமா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கோப்பையோடு எழும்பிப் போனாள். திரும்பியும் பார்க்கவில்லை. சொன்னது நல்லதுக்கு என்றே இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நேற்று றெஜி போன் எடுத்தவன்" என்றான் கஜானன், கட்டில் காலைத் தேய்த்தபடி. "ஞாயிற்றுக்கிழமை குழுப் பெடியள் எல்லாரும் வான் பிடிச்சு வருகினமாம். வரவேண்டாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"உங்களுக்கு எதுக்குத்தான் வாய் வந்தது? நான் அச்சகத்துக்குப் போறன்."

"தர்சி—"

அவள் நிற்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினாள்.

சண்டிலிப்பாய், மானிப்பாய் எல்லாம் தாண்டி யாழ்ப்பாணம் வந்துசேரும்வரை மனதுக்குள் ஒரே சண்டைதான். அத்தானோடு கொஞ்சம், ஊரோடு கொஞ்சம், மிச்சம் முழுவதும் செத்துப்போன மாமாவோடு. கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு தீப்பெட்டி குறைந்தாலும் விசாரணை வைத்த மனிதராம்! சொந்த மகனின் வாழ்க்கையைக் குறைத்துச் சொல்ல மட்டும் மனச்சாட்சி இடம் கொடுத்ததாக்கும். எட்டு மாதம் அந்த மனிதருக்குக் கஞ்சி பருக்கிய தன் கையிலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அச்சகம் பெரியகடைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. உரிமையாளர் கிறிஸ்துநாயகம் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். ஆனால் திருவாசகத்தில் ஒரு எழுத்துத் தவறினாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சைவக்காரரைப் பிடித்து ஏசுகிறவர். மணி இரண்டரை. அவர் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அருளம்பலத்தாற்றை மருமகளோ? இரும் பிள்ளை. பிழை ஏதும் கிடக்கோ?"

"கிடக்கு, ஐயா." ஐந்தாம் பக்கத்தை விரித்து விரலை வைத்தாள். "இந்தச் சங்கீத ஆசிரியரை வெட்டுங்கோ. பேஸ் கிற்றார்க் கலைஞர் எண்டு போடுங்கோ. கடைசிப் பக்கத்து இசையஞ்சலியையும் எடுங்கோ."

கிறிஸ்துநாயகம் பேனாவை எடுக்கவில்லை. 

"பிள்ளை, இந்த வரி அருளம்பலத்தார் தன்ரை கையாலை எழுதித் தந்தது. நாலு வருசம் முந்தி, கண் ஒப்பரேசனுக்கு வந்த நேரம். 'நாயகம், நான் செத்தால் இதுதான் விபரம். மாத்த வாறவையிட்டை ஆதாரம் கேள்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவர். மூத்தவர் வந்து மாத்தேக்கையும் கேட்டனான். தான் மகன் எண்டார், நான் என்ன செய்யிறது?"

"மூத்தவர் எதை மாத்தினவர்?"

அவர் எழும்பி அலுமாரியைத் திறந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்து வந்தார். உள்ளே கோடு போட்ட தாள் ஒன்று. மாமாவின் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, நிமிர்ந்து நின்றது.

"மூத்த மகன் ஜெயதீபன், லிஃப்ற் திருத்துநர், கனடா. ஆதாரம் ஒன்று: வேலை அடையாள அட்டைப் பிரதி."

தர்சிகா அதை இரண்டு தரம் வாசித்தாள். லிஃப்ற் திருத்துநர். உள்ளதை உள்ளபடி. ஒரு சொட்டும் பெருப்பிக்காமல். இதையா அத்தான் பொறியியலாளர் ஆக்கினார்?

"இளைய மகன் கஜானன், சங்கீத ஆசிரியர், கொழும்பு. ஆதாரம் இரண்டு: மகனின் கடிதம், 2011."

"கடிதமோ?" என்றாள். 

"ஓம், பின்னாலை குத்தியிருக்கிறார். அவர் சங்கக்கடை மனுசன் பிள்ளை. வவுச்சர் இல்லாமல் ஒரு வரியும் எழுதமாட்டார்."

தாளைத் திருப்பினாள். கடிதத்தின் போட்டோப் பிரதி. அந்த எழுத்தை அவளுக்குத் தெரியும். வீட்டில் கடைக்குச் சாமான் எழுதுகிற எழுத்து, பாட்டுக்குக் கீழே சுரம் குறிக்கிற எழுத்து.

"அன்புள்ள அப்பாவுக்கு, நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டுபோகக் கொழும்புக்கு வரவேண்டாம். எனக்கு இங்கே ஒரு பாடசாலையில் சங்கீத ஆசிரியர் வேலை கிடைத்திருக்கிறது. பிள்ளைகளுக்குத் தேவாரமும் படிப்பிக்கிறேன். நீங்கள் சந்தோசப்படுவீர்கள் என்று தெரியும்."

அச்சு யந்திரம் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. தர்சிகா கடிதத்தை மூன்றாம் முறையும் வாசித்தாள். பிறகு, ஏதோ ஒரு பயத்தோடு, மாமாவின் தாளில் அடுத்த வரியைப் பார்த்தாள்.

"மருமகள் தர்சிகா, காப்புறுதி நிறுவன உத்தியோகத்தர். ஆதாரம் மூன்று: பிள்ளை நேரில் சொன்னது. போதும்."

அந்தக் கடைசிச் சொல்லில் விரலை வைத்தாள். 

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை. மகன் எழுதினதை நம்பினார். நம்பினதை ஊருக்குச் சொன்னார். வாத்தியாராக இருக்கிற மகன் வீட்டுக்கு வந்தால் ஒரு தேவாரம் கேட்கமாட்டாரா தகப்பன்? குத்தவில்லை, கேட்டார். எட்டு மாதம் ஒவ்வொரு பின்னேரமும் ஆசையோடு கேட்டார். வந்தவர்களிடம், "கொழும்புத் தண்ணி... பெடியன்ரை தொண்டை பழுதாப்போச்சு" என்று கவலைப்பட்டார். கடைசியில் மருமகளின் கையைப் பிடித்துக் கேட்டார், அவள் சொன்னால் போதும் என்று. அவள் என்ன சொன்னாள்? உங்களுக்குத் தெரியாததே, மாமா?

அந்தக் கேள்வியோடு அவர் கண்ணை மூடும்வரை மல்லாந்து கிடந்திருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு கோபம் முன்னுக்கு வந்தது. அத்தான்மேல் அல்ல. ஊர்மேல் அல்ல. போனை எடுத்தாள்.

"தர்சி, எங்கை நிக்கிறீர்?"

"அச்சகத்திலை. என்ரை கையிலை ஒரு கடிதம் இருக்கு. ரெண்டாயிரத்துப் பதினொண்டு. 'பிள்ளைகளுக்குத் தேவாரமும் படிப்பிக்கிறேன்.'"

 அந்தப் பக்கத்தில் கிணற்றடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

"நீங்கள் எழுதினதோ?"

"...ஓம்."

"மாமாவுக்கு எல்லாம் தெரியும் எண்டனீங்கள்."

"படிப்பை விட்டிட்டன் எண்டு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போக வாறன் எண்டவர், தர்சி. எங்கடை முதல் ஷோவுக்கு ரெண்டு கிழமைதான் கிடந்தது. ஒரு வருசத்துக்குச் சமாளிப்பம், பிறகு சொல்லுவம் எண்டுதான் எழுதினனான். பிறகு... அவர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டார். சந்தோசமாச் சொன்னவர். அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"எட்டு மாசம் பக்கத்திலை இருந்தனீங்கள்!" அவள் கத்தியதில் கிறிஸ்துநாயகம் எழும்பி மெல்ல வெளியே போனார். "ஒவ்வொரு நாளும் கேட்டவர். ஒரு நாள், ஒரேயொரு நாள், 'அப்பா, நான் பாடுறேல்லை, நான் உதைத்தான் வாசிக்கிறனான்' எண்டு கிற்றாரை எடுத்து அந்தக் கட்டிலிலை வைச்சிருக்கலாமே! லிஃப்ற் திருத்துறவரை லிஃப்ற் திருத்துநர் எண்டு எழுதின மனுசன். உங்களையும் உள்ளபடி எழுதியிருப்பார். நீங்கள்தான் விடேல்லை. அவர் உங்களை ஒளிச்சவர் எண்டு நினைச்சு நான் அந்த மனுசனை வெறுத்தனான். என்னைக்கொண்டு அவரை வெறுக்கப் பண்ணிப்போட்டியள்."

"தர்சி..." என்றான் அவன். "நான் என்ன செய்ய இப்ப?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். மேசையில் கிடந்த பேனாவை எடுத்தாள். ஐந்தாம் பக்கத்தில் "பொறியியலாளர்" என்பதை ஒரே கோட்டில் வெட்டி, "லிஃப்ற் திருத்துநர்" என்று எழுதினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் மாமா எழுதியபடியே தன் வேலையை எழுதினாள். "சங்கீத ஆசிரியர், கொழும்பு" என்பதை வெட்டினாள். அதற்கு மேலே ஒன்றும் எழுதவில்லை.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "இசையஞ்சலி" என்பதை வெட்டப் பேனாவைக் கொண்டுபோனவள், வெட்டாமல் விட்டாள். அதற்குப் பின்னால் நின்ற "சங்கீத ஆசிரியர்" என்பதை மட்டும் வெட்டினாள். பேரும் இசையஞ்சலியும் அப்படியே நின்றன.

"நாயகம் ஐயாட்டைக் கேட்டு அச்சை நாளைக்குக் காலமை ஒன்பது மணி மட்டும் நிப்பாட்டுறன். உங்கடை பேருக்குப் பக்கத்திலை ஒண்டும் இல்லை. நீங்கள் வந்து எழுதுங்கோ. நான் எழுதமாட்டன், அத்தானும் எழுதக்கூடாது."

"என்னெண்டு எழுதுறது?" அவன் கிசுகிசுத்தான். "அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"

அவனுக்குப் பின்னால், தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி, மாமியின் குரல் கேட்டது. "ஆரோடை தம்பி கதைக்கிறாய்? என்ன கடிதம்?"

கஜானன் பதில் சொல்லவில்லை. மாமி இன்னொருதரம் கேட்டாள். தர்சிகா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவன் வாயைத் திறக்கப் போகிறானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவேண்டும்.

"ஒண்டுமில்லையம்மா," என்றான் அவன். "தொண்டை—"

"தொண்டைதானே சரியில்லை?" என்றாள் தர்சிகா. "அந்தக் கடிதத்தை எழுதின கை நல்லாத்தானே இருக்கு. அதைக் கொண்டு வாங்கோ."

போனை வைத்தாள். மாமாவின் தாளை மடித்து உறைக்குள் வைக்க மனம் வரவில்லை. மேசையில் ஒப்புத்தாளுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்துவிட்டு, கிறிஸ்துநாயகத்தைக் கூப்பிட வாசலுக்குப் போனாள்.